உருவிப் போடுகிற கை

தை பிறந்து வேலியோரத்துப் பச்சை பழுப்பேறும் நாட்களில் வரப்பு வழியே ஒரு நடை போய்வந்தால் போதும், வேட்டிக் கரை நெடுக ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிடும். உதறினால் போகாது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத்தான் பிடுங்க வேண்டும். நாயுருவி!

முளைக்கீரைக்கு உறவுச் செடிதான். நிமிர்ந்த கதிரில் பச்சையும் ஊதாவும் கலந்த பொடிப் பூக்கள் அடியிலிருந்து நுனிக்கு மலர்ந்துகொண்டே போகும். சூட்சுமம் அதற்குப் பிறகுதான். மலர்ந்து முடிந்த பூ கீழ்நோக்கி மடங்கித் தண்டோடு படிந்துகொள்ளும். பூவின் அடியில் இருக்கும் செதில்கள் விறைத்து முள்ளாகும். மேலிருந்து கீழே உருவினால் கை வழுக்கும். கீழிருந்து மேலே உருவிப் பாருங்கள், குத்தும். விதையும் முள்ளுமாய்க் கையோடு வரும். நாயின் ரோமத்தில் ஏறிக்கொண்டு ஊர் சுற்றுவதால் இந்தப் பெயர் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு முன்பெஞ்சுக்காரன் முதுகே போதுமானதாக இருந்தது.

பல் துலக்க வேர், புதனுக்குச் சமித்து, பிள்ளையார் சதுர்த்தியின் 21 இலைகளில் ஒன்று என்று இதற்குப் பல வேலை. ஆனால் பெரிய வேலை சாம்பலில் இருக்கிறது. காய்ந்த செடியை எரித்து, சாம்பலை நீரில் கரைத்து, தெளிவை வடித்துக் காய்ச்சினால் உப்பு மிஞ்சும். பவுத்திரத்துக்குக் கட்டும் கார நூலுக்கு இதுதான் காரம். நூலுக்கு 21 பூச்சு: முதல் 11 கள்ளிப்பால் மட்டும், அடுத்த 7 கள்ளிப்பாலும் நாயுருவி உப்பும், கடைசி 3 கள்ளிப்பாலும் மஞ்சளும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. புண்ணின் பாதைக்குள் நுழைத்துக் கட்டிய நூல், வாரம் ஒருமுறை மாற்ற மாற்ற, அறுத்துக்கொண்டும் ஆற்றிக்கொண்டும் போகும். அறுப்பது காரம், ஆற்றுவது மஞ்சள் என்பது வைத்தியர் கணக்கு.

சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் 1941இல் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது அவருடைய நாயின் மேலும் நாயுருவி போல ஒரு காய் ஒட்டியிருந்தது. அது பர்டாக் என்ற செடியின் காய்; அதன் முள் கொக்கி போல வளைந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். செருப்பிலும் பையிலும் நாம் பர்ரென்று பிரிக்கிற வெல்க்ரோ அப்படி வந்ததுதான். நம் ஊர் நாய்களும் தினமும் கொண்டுவந்தன. நாம் பெயர் மட்டும் வைத்தோம்.

போன தையில் திண்ணையில் உட்கார்ந்து வேட்டியிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிக் கீழே போட்டேன். ஐப்பசி மழைக்குப் பிறகு படியோரத்தில் நாலு செடி நிற்கிறது.