ஜெயித்தது எந்தப் பெட்டி?

வீடியோ கேம் என்றாலே விரல்கள் துறுதுறுக்குமே! புதிய கேம் கன்சோல் வரப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், இன்னும் கடைக்கே வராத பெட்டிக்காக "இதுதான் பெஸ்ட்!", "இல்லை, அதுதான் பெஸ்ட்!" என்று வகுப்பில் சண்டையே நடக்கும். சண்டைக்குக் கிளம்பும் முன், 2006-ம் ஆண்டில் உலகம் முழுக்க நடந்த ஒரு பெரிய போட்டியின் கதையைக் கேளுங்கள்.

கன்சோல் என்பது வேறொன்றுமில்லை. டிவியோடு இணைத்து விளையாடுவதற்காகவே செய்த கம்ப்யூட்டர்தான் அது.

மூன்று போட்டியாளர்கள்

எக்ஸ்பாக்ஸ் 360: அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனத் தயாரிப்பு. 2005 நவம்பர் 22 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பிராசசர் வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். மெமரி 512 எம்.பி. விலை சுமார் 300 டாலர். ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும் என்றால் 400 டாலர்.

பிளேஸ்டேஷன் 3: ஜப்பானின் சோனி நிறுவனத் தயாரிப்பு. 2006 நவம்பர் 11 அன்று ஜப்பானில் வந்தது. இதன் வேகமும் 3.2 கிகாஹெர்ட்ஸ். மெமரி மொத்தம் 512 எம்.பி. அப்போது புத்தம் புதிதாக இருந்த ப்ளூ-ரே டிஸ்க்கில் சினிமாவும் பார்க்கலாம். விலை? அமெரிக்காவில் 500 டாலர், 600 டாலர் என்று இரண்டு மாடல்கள்!

வீ: இதுவும் ஜப்பான்தான். நின்டெண்டோ நிறுவனத் தயாரிப்பு. 2006 நவம்பர் 19 அன்று அமெரிக்காவில் வந்தது. வேகம் வெறும் 729 மெகாஹெர்ட்ஸ். அதாவது மற்ற இரண்டின் வேகத்தில் கால் பங்குகூட இல்லை. மெமரி 88 எம்.பி. மட்டுமே. மற்ற இரண்டும் ஹை டெஃபனிஷன் படம் காட்ட, வீயால் அது முடியாது. விலை சுமார் 250 டாலர்.

சரி, நீங்களே சொல்லுங்கள். இந்தப் பட்டியலைப் பார்த்தால் கடைசி ரேங்க் யாருக்கு? வீக்குத்தானே! அன்று பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நோஞ்சான் செய்த மாயம்

ஆனால் நடந்ததோ வேறு! கடைகளில் வீ வந்து இறங்கிய வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. எப்படி?

அதுவரை கேம் விளையாட வேண்டும் என்றால் பத்துப் பன்னிரண்டு பட்டன்களைப் பழக வேண்டும். அதைப் பார்த்தே தாத்தா பாட்டிகள் ஒதுங்கிவிடுவார்கள். வீயின் கன்ட்ரோலரோ டிவி ரிமோட் மாதிரி இருந்தது. டென்னிஸ் ஆட வேண்டுமா? அதைக் கையில் பிடித்து மட்டையைப் போல வீசுங்கள். பந்து பறக்கும்! அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில்கூட வீயில் பந்து உருட்டிப் போட்டிகள் நடத்தினார்கள்.

கையசைவு பெட்டிக்கு எப்படித் தெரியும்? ஓடும் பஸ்ஸில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? அதே விஷயம்தான். ரிமோட்டுக்குள் இருக்கும் சிப்பில், மிகச் சிறிய ஸ்பிரிங்குகளில் ஒரு குட்டி எடை தொங்குகிறது. ரிமோட்டை வீசும்போது அந்த எடை கொஞ்சம் பின்தங்கும். எவ்வளவு பின்தங்கியது என்பதை மின்சாரத்தால் அளந்து, வீச்சின் வேகத்தையும் திசையையும் கண்டுபிடிக்கிறது. இதற்கு 'ஆக்சிலரோமீட்டர்' என்று பெயர். செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதுவும் இதன் வேலைதான்.

உங்களுக்குத் தெரியுமா?

* 'வீ' என்பது ஆங்கிலத்தில் 'நாம்' என்ற சொல்லைப் போல ஒலிக்கிறது. எல்லோரும் சேர்ந்து விளையாடத்தான் இந்தப் பெயர்.

* நின்டெண்டோ 1889-ல் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம்!

* 2010-ல் அமெரிக்க விமானப் படையின் ஆய்வுக்கூடம் 1,760 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளைச் சேர்த்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே உருவாக்கியது.

பட்டியலில் இல்லாத விஷயங்கள்

வரப்போகும் பொருளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அதன் நிறுவனம் சொல்லும் வாக்குறுதிதான். வந்த பிறகுதான் உண்மை தெரியும்.

பிளேஸ்டேஷன் 3 முதலில் 2006 வசந்த காலத்திலேயே வருவதாக இருந்தது. நவம்பருக்குத் தள்ளிப்போனது. எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகள் பல, சிவப்பு விளக்கு எரிந்து செயலிழந்தன. 2007 ஜூலையில் மைக்ரோசாப்ட் இந்தக் கோளாறுக்கான உத்தரவாதத்தை 3 ஆண்டுகளாக நீட்டித்தது. அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல்! வீயும் தப்பவில்லை. ஆட்ட வேகத்தில் ரிமோட் கையைவிட்டுப் பறந்து டிவியில் மோதியது. 2006 டிசம்பரில் சுமார் 32 லட்சம் கைப்பட்டைகளை மாற்றித் தர நின்டெண்டோ முன்வந்தது.

இந்தச் சங்கதிகள் எதுவும் விளம்பரத்தில் இருக்காதே!

கடைசியில் யார்?

மூன்றின் தயாரிப்பும் இப்போது நின்றுவிட்டது. மொத்த விற்பனையைப் பார்த்தால், வீ 10 கோடிக்கும் மேல். பிளேஸ்டேஷன் 3 சுமார் 8 கோடியே 70 லட்சம். எக்ஸ்பாக்ஸ் 360 சுமார் 8 கோடியே 40 லட்சம். நோஞ்சான்தான் முதலிடம்!

அதற்காக, வேகம் குறைந்ததுதான் எப்போதும் ஜெயிக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2012-ல் வந்த வீயின் தம்பி 'வீ யூ' ஒன்றரைக் கோடிகூட விற்கவில்லை. அழகான படங்களோடு நீண்ட சாகச விளையாட்டுகளை ஆட விரும்பியவர்களுக்கு வீயைவிட மற்ற இரண்டுமே பிடித்திருந்தன. யாருக்கு, எதற்காக என்று கேட்காமல் 'எது பெஸ்ட்' என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

கன்சோலோ, சைக்கிளோ, செல்போனோ... அப்பா அம்மாவிடம் "வாங்கிக் கொடுங்கள்" என்று அடம்பிடிக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்.

1. இதை யார் யார் பயன்படுத்துவோம்? நான் மட்டுமா, வீட்டில் எல்லோருமா?

2. விலையோடு முடிந்துவிடுமா? கேம்கள், இரண்டாவது கன்ட்ரோலர் என்று இன்னும் எவ்வளவு ஆகும்?

3. இதில் சொல்லும் பெரிய பெரிய எண்களில் எனக்கு உண்மையில் தேவைப்படுவது எது?

4. ஆறு மாதம் பொறுத்தால் என்ன? அதற்குள் குறைகள் தெரிந்துவிடும், விலையும் குறையலாம்.

நான்கு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு, அந்தத் தாளை வீட்டில் காட்டிப் பாருங்கள். அடம்பிடித்து அழுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஒருவேளை, எழுதி முடித்ததும் "இது எனக்கு வேண்டவே வேண்டாம்" என்று நீங்களே சொன்னாலும் சொல்வீர்கள்!