இசட் டிரைவ் ஏன் திறக்க மறுக்கிறது?

மாதத்தில் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஆடிட்டர் ஆபீஸ்களில் தலைக்கு மேல் வேலை இருக்கும். ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள்கள் அவை. ஹார்டுவேர் பார்க்கிறவருக்கு இப்படி ஒரு போன் வருவதும் அநேகமாக அந்தச் சமயத்தில்தான்: "அண்ணா, இசட் டிரைவ்ல சிவப்பு எக்ஸ் காட்டுது. கிளிக் பண்ணினா ஓபன் ஆகல. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

இசட் டிரைவ் என்பது போன் செய்தவர் உட்கார்ந்திருக்கும் சிஸ்டத்தில் இல்லை. எல்லோரும் 'சர்வர்' என்று சொல்லும் இன்னொரு சாதாரண கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு ஃபோல்டர் அது. கணக்கு டேட்டா முழுவதும் அங்கேதான் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சிவகாசி அச்சகத்திலும் இதே ஏற்பாடுதான். ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் ஆபீஸே நின்றுவிடும். அந்த அவசரத்தில் செய்யப்படும் வைத்தியம்தான் பல இடங்களில் நோயைவிட மோசமாகப் போய்விடுகிறது. ஃபயர்வாலை அணைப்பது, ஃபோல்டரை 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு முழு உரிமையோடு திறந்து விடுவது, ஃபோல்டர்களைப் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி-1-ஐ மறுபடி உயிர்ப்பிப்பது என்று எல்லாம் நடக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரவில்லையா, ஐபி எண்ணைச் சொன்னாலும் வரவில்லையா? விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, இரண்டு பின்சாய்கோடு போட்டு, 192.168.1.10 என்பதுபோல சர்வரின் ஐபி எண்ணைத் தட்டிப் பாருங்கள். எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறக்கவில்லை என்றால் ஃபோல்டரிலோ பாஸ்வேர்டிலோ குறை இல்லை. பெயரை வைத்து முகவரி கண்டுபிடிப்பதில்தான் கோளாறு. டிரைவையே எண்ணை வைத்து இணைத்திருந்தால், நேர்மாறான சிக்கல் வரும். கரன்ட் போய் வந்து ரௌட்டர் புதிதாக எழும்போது சர்வருக்கு வேறு எண் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. ரௌட்டரில் சர்வருக்கென்று ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

எண்ணுக்கும் பெயருக்கும் இரண்டுக்குமே பதில் இல்லை என்றால், சர்வர் தூங்கப் போயிருக்கிறதா, அதன் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பப்ளிக் என்று இருந்தால் விண்டோஸ் ஃபயர்வால் ஷேரிங்கை அடைத்துவிடும். அதை 'பிரைவேட்' ஆக்கினால் போதும். ஃபயர்வாலையே அணைக்க வேண்டிய தேவை இல்லை. காலையில் ஆன் செய்ததும் மட்டும் சிவப்பு எக்ஸ் காட்டி, இரண்டு முறை தட்டினால் திறந்துகொள்கிறதா? வைஃபை இணைவதற்குள் விண்டோஸ் டிரைவைத் தேடியிருக்கிறது, அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது அதிகம் தலைவலி கொடுப்பது பாஸ்வேர்டு விஷயம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதையொட்டிப் பல ஆபீஸ்கள் விண்டோஸ் 11 சிஸ்டம் வாங்கின. பழைய சிஸ்டத்தில் ஒழுங்காகத் திறந்த ஃபோல்டர் புதியதில் திறக்காது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். ஐந்து பேர் வேலை பார்க்கும் ஆபீஸில் அப்படி ஒரு கொள்கையை யார் போட்டது என்று முதலாளி திகைப்பார். யாரும் போடவில்லை. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11 ப்ரோ பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' நுழைவை ஏற்பதில்லை. போய்வரும் தகவல் ஒவ்வொன்றிலும் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும் என்றும் கேட்கிறது. கெஸ்ட்டாக வருபவரால் அந்தக் கையொப்பத்தைப் போட முடியாது.

நம் ஊர் ஆபீஸ்களில் பெரும்பாலான ஷேர்கள் கெஸ்ட் முறையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பாஸ்வேர்டு எதற்கு, நம்ம ஆள்கள்தானே என்று ஆரம்பத்திலேயே அதை எடுத்துவிட்டிருப்பார்கள். இதற்கான சரியான வைத்தியம் பத்து நிமிட வேலை. சர்வரில் 'அக்கவுண்ட்ஸ்' என்று ஒரு யூசரை உருவாக்கி, நல்ல பாஸ்வேர்டு வையுங்கள். ஃபோல்டரின் ஷேரிங் பக்கத்தில் அந்த யூசருக்கு உரிமை கொடுங்கள். செக்யூரிட்டி பக்கத்திலும் கொடுங்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும் என்பதால், ஒன்றில் மட்டும் கொடுத்துவிட்டு 'ஆக்சஸ் டினைட்' என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். பிறகு ஒவ்வொரு சிஸ்டத்திலும் கண்ட்ரோல் பேனலுக்குள் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, சர்வரின் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் பதிந்து வையுங்கள். அங்கே பழைய பாஸ்வேர்டு உட்கார்ந்திருந்தால் முதலில் அதை நீக்குங்கள். விண்டோஸ் அதைத்தான் சத்தமில்லாமல் அனுப்பித் தோற்றுக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. சிஸ்டத்தைத் திறக்க நீங்கள் தட்டும் நான்கு இலக்க பின் நம்பர் நெட்வொர்க்கில் செல்லாது. அது அந்த ஒரு சிஸ்டத்துக்கு மட்டுமே உரியது. பாஸ்வேர்டே வைக்காத யூசரையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது.

1219 என்ற எண்ணோடு பிழை வந்தால், ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயர்களில் போகப் பார்க்கிறீர்கள் என்று பொருள். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' என்று தட்டினால் எந்தெந்த இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று பட்டியல் வரும். பழையதை அறுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். எக்ஸ்புளோரரில் இசட் டிரைவ் தெரிகிறது, கணக்கு சாஃப்ட்வேருக்குள் தெரியவில்லையா? அந்த சாஃப்ட்வேர் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' முறையில் ஓடுகிறதா என்று பாருங்கள். சாதாரண முறையில் இணைத்த டிரைவ் அட்மினிஸ்ட்ரேட்டர் முறையில் கண்ணுக்குத் தெரியாது. டிரைவ் எழுத்துக்குப் பதிலாக சர்வரின் முழுப் பாதையையும் கொடுத்தால் வேலை நடக்கும்.

எஸ்எம்பி-1 பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர்கள் ஃபோல்டர்களைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி முறை 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே 12-ல் வானாக்ரை என்ற, டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் முடங்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி-1 தானாக நிறுவப்படுவதில்லை. இத்தனைக்கும் பிறகு, ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை என்பதற்காக அதைத் தேடிப்பிடித்து ஆன் செய்வது, திருடன் வந்துபோன ஜன்னலை நாமே திறந்து வைப்பதுதான். பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்ததை ஃபோல்டருக்கு அனுப்ப எஸ்எம்பி-1 கேட்கிறது என்றால், ஸ்கேனை இமெயிலுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள். அந்த ஒரு மெஷினுக்காக ஆபீஸ் கணக்கு முழுவதையும் பணயம் வைக்கக் கூடாது.

ஷேர் செய்த டிரைவில் எல்லோருக்கும் எழுதும் உரிமை இருந்தால், ஒரு சிஸ்டத்தில் நுழையும் ரான்சம்வேர் அத்தனை பேரின் டேட்டாவையும் பூட்டிவிடும். பார்க்க மட்டும் வேண்டியவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். தினசரி பேக்கப்பை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, எடுத்து முடித்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். சர்வரில் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலைத் திறந்து, எஸ்எம்பி 1.0 என்ற வரிக்கு எதிரே டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.