கோப்பில் எழுதிய கருத்து

அரசு ஊழியரின் கருத்து கோப்பில் இருந்தால் அது பொதுச் சொத்து. கேட்கும் குடிமகனுக்கு நகல் தரவேண்டும். அதே கருத்தை அவர் ஊர்க்கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னால் மெமோ வரும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகளும் சேர்ந்து உண்டாக்கிய நிலை இது. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு இரண்டுமே பொருந்தும்.

1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தையும், அதை மீறிச் செல்லும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவையும் பற்றிச் சென்ற வாரமே எழுதியாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். அந்த ரகசியச் சட்டம் பிறந்தபோது புதுச்சேரியின் எல்லை ஊரான நம் கரையாம்புத்தூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்பதை மட்டும் அங்கே சேர்க்காமல் விட்டது குறைதான்.

பாகூர் வட்டத்தின் இந்த எல்லை ஊரில் கேள்வி கேட்க ஆள் உண்டு, பதில் சொல்லத்தான் ஆள் குறைவு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அப்போது வென்றவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிப்பு வந்தும் வாக்குப்பதிவு நடக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து நிர்வாகம் ஆணையரின் கையில் இருக்கிறது. மேடையேறிக் கணக்குச் சொல்லவேண்டிய தலைவர் இல்லாத இடத்தில், வாய்க்கால் ஏன் தூர்வாரப்படவில்லை என்பது தெரிந்தவர் அரசு ஊழியர் ஒருவரே. அவர் வாய் திறக்க விதி விடுவதில்லை.

ஆனால் கோப்பு பேசும். ‘தகவல்’ என்றால் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு நீளமாகப் பட்டியலிடுகிறது: ஆவணம், மின்னஞ்சல், கருத்து, ஆலோசனை, சுற்றறிக்கை, ஒப்பந்தம் என்று போய், ‘மாதிரி’ என்ற சொல்லில் ஒரு வியப்பை வைத்திருக்கிறது. போட்ட சாலையிலிருந்து தாரும் ஜல்லியும் சான்றளிக்கப்பட்ட மாதிரியாகக் கேட்டு வாங்கலாம்! நாட்டில் இந்த உரிமை எத்தனை பேருக்குத் தெரியுமோ. அதைவிடப் பெரிது, ‘கருத்து’ என்ற சொல். ‘இந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்கவேண்டாம்’ என்று கீழ்நிலை அலுவலர் எழுதியதும், மேலதிகாரி அதைத் தள்ளிக் கையெழுத்திட்டதும் கோப்பின் இடப்பக்கக் குறிப்புகளில்தான் கிடக்கும். சட்டம் வந்தவுடனேயே டெல்லியின் பணியாளர் துறை, கோப்புக் குறிப்பு தகவல் ஆகாது என்று தன் இணையதளத்தில் போட்டது. 2006 ஜனவரியில் மத்தியத் தகவல் ஆணையம் அதை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு சட்டத்தையே திருத்த அமைச்சரவை முடிவெடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2009 ஜூனில்தான் துறை இறங்கிவந்து, 8ஆம் பிரிவின் விலக்குகள் போக மற்ற குறிப்புகளைத் தரலாம் என்று எழுதியது. புதுச்சேரிக்குத் தனித் தகவல் ஆணையம் கிடையாது. கரையாம்புத்தூர்க்காரரின் இரண்டாம் மேல்முறையீடும் அந்த டெல்லி ஆணையத்துக்கே போகிறது.

கோப்புக்கு வெளியே நடத்தை விதிகளின் 9ஆம் விதி காவல் நிற்கிறது. அரசின் நடப்பு அல்லது அண்மைக் கொள்கையைக் குறைகூறுவதாக அமையும் ‘செய்தியோ கருத்தோ’ ஊழியர் வெளியிடக்கூடாது. செய்தி உண்மையாக இருப்பது காப்பாற்றாது. புனைபெயரில் எழுதினாலும் தப்பமுடியாது. மத்திய அரசுக்கும் ஒரு மாநில அரசுக்கும் இடையிலான உறவைச் சங்கடப்படுத்தும் பேச்சுக்கும் தடை உண்டு. தமிழகத்தை ஒட்டிய ஊரில் ஆற்றுநீரைப் பற்றி ஒரு பொறியாளர் மனம்விட்டுப் பேசினால், அதையும் இதற்குள் இழுக்கமுடியும். 8ஆம் விதி சற்றுத் தாராளமானது: நூல் எழுதலாம், ஊடகத்தில் பேசலாம், கருத்து தன்னுடையது, அரசுடையது அல்ல என்று தெளிவாக்கவேண்டும். இரண்டு விதிகளையும் அடுத்தடுத்து வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கவேண்டும்.

பேசும் இடத்தைப் பற்றிய சண்டையும் புதுச்சேரி பார்த்ததுதான். 2017 ஜனவரி முதல் வாரத்தில், சர்வர்கள் வெளிநாட்டில் இருக்கின்றன, ரகசியச் சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, அலுவல் பணிக்கு வாட்ஸ்அப், ஃபேஸ்புக் போன்றவற்றைப் பயன்படுத்த அன்றைய முதல்வர் நாராயணசாமியின் அரசு தடைபோட்டது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி சில நாளிலேயே அந்த ஆணையை ரத்துசெய்தார். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, நிர்வாக விஷயங்களுக்கு அனுமதிக்கப்பட்ட தொடர்புமுறையையே பயன்படுத்தவேண்டும் என்றார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை விலக்கியது. அதிகாரம் ஆளுநருக்கா, அமைச்சரவைக்கா என்பதே அங்கே வழக்கு. வாட்ஸ்அப் குழுவில் இருந்த அதிகாரி தன் சொந்தக் கருத்தைச் சொல்லலாமா என்று இரு தரப்பும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கவலை நீதிமன்றங்களுக்கு வேறு வழக்குகளில் வந்திருக்கிறது. அரசு ஊழியர் ஆர்ப்பாட்டம் செய்வதை முழுதாகத் தடுத்த பீகார் விதியை உச்ச நீதிமன்றம் 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் செல்லாததாக்கியது. அரசியல் கூட்டத்துக்குப் போனதற்கும் ஃபேஸ்புக் பதிவுக்கும் ஓய்வுக்குச் சில நாள் முன் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட மீன்வளத் துறைப் பெண் ஊழியரின் வழக்கில், அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு, செல்லுபடியாகும் சட்டத்தால் மட்டுமே அதைக் குறைக்கமுடியும் என்று திரிபுரா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. இவ்விரு தீர்ப்புகளுக்கே இந்த வாரத்தை ஒதுக்குவதாக இருந்தது. கோப்புக் குறிப்பு இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவை 9ஆம் விதியை எந்த அளவுக்கு இளக்கின என்பது அடுத்த இதழில்.