உங்களுக்குத் தெரியுமா? ஒரு கிராம் மண்ணில் 20 சென்ட்!

துவாக்குடி என்.ஐ.டி.யில் சிவில் படிக்கிற பிள்ளைகள் யாராவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். மண்ணைச் சலிக்க அடுக்கும் சல்லடைகளில் கடைசிச் சல்லடையின் கண், வெறும் 75 மைக்ரான். தலைமுடி நுழைவதே பெரும்பாடு! ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை கண்கள்? சுமார் 40,000!

அதிலும் நழுவி விழுகிற மண் இருக்கிறது! 75 மைக்ரானில் தொடங்கி 2 மைக்ரான் வரை வண்டல். அதற்கும் கீழே போனால்தான் களி!

1 மி.மீ. மணல் ஒன்றின் பருமனுக்கு ஈடாக, 2 மைக்ரான் களித்துகள்கள் எத்தனை வேண்டும்? கணக்குப் போட்டே பார்த்துவிட்டோம். 12.5 கோடி! 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஜனத்தொகையே 7.21 கோடிதான்!

சல்லடைக்கு அடங்காத பயல்களைத் தண்ணீரில் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். 50 மைக்ரான் துகள் 10 செ.மீ. இறங்க முக்கால் நிமிடம். 2 மைக்ரான் களிக்கு? 8 மணி நேரம்! அதுவும் 20 டிகிரித் தண்ணீரில். நம்ம திருச்சி வெயிலில் தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறினால் ஆறரை மணி நேரத்திலேயே இறங்கிவிடும். வெயிலுக்கும் ஒரு லாபம்!

இந்த வேகத்தைச் சொல்லும் விதி ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானியுடையது. 1851-ல் அவர் எழுதியது மண்ணைப் பற்றி அல்ல. கடிகார ஊசலைப் பற்றி!

துகள்கள் இறங்குவதை அளக்க மண் கரைசலில் மிதக்கவிடும் ஹைட்ரோமீட்டரும் பால் சொசைட்டியில் மிதக்கும் லாக்டோமீட்டரும் ஒரே குடும்பம்!

களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்துவிட ஊற்றுவது சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட். வாய்க்குள் நுழையவில்லையா? உப்புத் தண்ணீரில் துணி துவைக்க விற்ற பொடியிலும் இதேதான்!

மான்ட்மோரில்லோனைட் என்றொரு களி. ஒரே ஒரு கிராம் எடுத்து, அதன் இதழ்களையெல்லாம் பிரித்துப் பரப்பினால் மேற்பரப்பு 800 சதுர மீட்டர் வரை போகும். நம்ம ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 20 சென்ட்! பத்திரம் மட்டும் கிடைக்காது!

3 மி.மீ. துகள் ஒன்று. துவாக்குடியில் பொறியாளர் கையில் அது மணல். அதையே நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரிக்குக் கொண்டுபோனால் சரளை! பொறியாளருக்கு மணல் 4.75 மி.மீ. வரை, வேளாண்காரர்களுக்கு 2 மி.மீ.தான். இதற்கெல்லாம் பஞ்சாயத்து கிடையாது!

மணல், வண்டல், களி விகிதத்தை வைத்துப் பிரிக்கும் அமெரிக்க முக்கோண வரைபடத்தில் மண் நயம் மொத்தம் 12 வகை. "களிமண்" என்று பெயர் வாங்கப் பாதிகூடத் தேவையில்லை. 40 சதவீதம் களி இருந்தால் போதும்! மணலுக்கோ 85 வேண்டும்!

மண்ணுக்கு ஈரப்பத "எல்லைகள்" வகுத்த ஸ்வீடன்காரர் அட்டர்பெர்க், அதற்கு முன் வகை பிரித்துக்கொண்டிருந்தது ஓட்ஸ் தானியத்தை! மண் பக்கம் திரும்பியபோது வயது 54!

கருவியே வேண்டாமா? ஈரமண்ணைப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் இருபொறை, அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த மண். 5 செ.மீ. தாண்டியும் தொங்கினால் சந்தேகமே இல்லை, களி!

கல்லணைக்கு அடியில் ஆழம் தெரியாத ஆற்று மணல்! பாறைகளைப் போட்டு, அவை புதையப் புதைய மேலே அடுக்கினார்கள். 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றோம் என்று எழுதியே வைத்தார். கல்லணையின் நீளம் 1,079 அடி!

உங்கள் நிலத்தின் "அ" பதிவேட்டை எடுங்கள். "மண் வயனமும் ரகமும்" என்றொரு கட்டம் இருக்கும். எதிரே கோடு போட்டு இரண்டே எண்கள். கரிசலா செவலா, களியா மணலா என்று வெள்ளைக்காரன் காலத்து நிலவரித் திட்டத்தில் பிரித்த கணக்கு அது. இன்னும் ஆன்லைனில் ஓடிக்கொண்டிருக்கிறது!