சர்க்கரை கரையுது, வாயு கரையலையே!



திருத்தணியில் ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால் கொளத்தூர் வண்ண மீன் சந்தை பக்கம்தான். அங்கே மீனோடு தொட்டிச் செடியும் விலை போகிறது. 'நாமளும் செடி போடலாமே' என்று தீர்மான நோட்டில் எழுதி, உள்கடன் எடுத்து, 100 லிட்டர் தொட்டி ஒன்றில் ஆரம்பித்தோம். அதில் பட்ட பாட்டைத்தான் இந்த மாதம் சொல்லப் போகிறோம்.

வெளிச்சமும் கரியமில வாயுவும் இருந்தால்தான் செடி தன் சாப்பாட்டைச் சமைக்கும். வயல் பயிருக்கு வாயு காற்றிலேயே வந்துவிடும். தண்ணீருக்குள் அது நகர்வது காற்றில் நகர்வதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவு. காற்றிலிருந்து தானாகக் கரைவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. செடி தழைக்க 20 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். அதனால் நாமே வாயு கொடுக்கணும்.

சிலிண்டர் வாங்க நமக்கு வசதியில்லை. 2 லிட்டர் பாட்டிலில் 200 கிராம் சர்க்கரை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், கால் ஸ்பூன் ஈஸ்ட். இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இதே வாயுதான். மூடியில் துளையிட்டு, ட்யூபை நடுவில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் வழியாகத் தொட்டிக்கு விட்டோம். புளித்த தண்ணீர் தொட்டியில் இறங்காமல் அது தடுக்கும்.

குமிழி நன்றாகத்தான் வந்தது. செடி மட்டும் மஞ்சளடித்துக்கொண்டே போனது. வாயு போதவில்லை என்று நினைத்து இரண்டாவது பாட்டில் வைத்தோம், சர்க்கரைச் செலவு இரண்டு மடங்கானது. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 100 கிராம் சர்க்கரை முழுசாகப் புளித்தால் சுமார் 50 கிராம் வாயு வரும். நம் தொட்டித் தண்ணீரில் ஒரு நேரத்தில் இருக்க வேண்டியதோ வெறும் 3 கிராம். செடி தின்பதையும் சேர்த்தால்கூட நாம் கொடுத்தது ஏராளம். குறை வாயுவில் இல்லை. பெரிய பெரிய குமிழியாக நேரே மேலே போய் வெடித்து, காசு காற்றில் கலந்துகொண்டிருந்தது.

நம் கோயில் மலைக்கு 365 படி. படிபூஜை செய்கிறவர்கள் ஒவ்வொரு படியிலும் நின்று மஞ்சள் குங்குமம் வைத்து மெதுவாகத்தான் ஏறுவார்கள். குமிழியும் அப்படி நின்று நின்று ஏறினால்தான் வழியெல்லாம் வாயுவை விட்டுவிட்டுப் போகும். குமிழி சின்னதாக வேண்டும், தண்ணீருக்குள் நெடுநேரம் இருக்கவும் வேண்டும். பெரிய குமிழி ஒன்றைப் பல சின்னக் குமிழியாக உடைத்தால் தண்ணீர் படும் பரப்பு பல மடங்கு கூடும், மேலே ஏறும் வேகமும் குறையும்.

செலவில்லாத வழி, பிளாஸ்டிக் டம்ளரைத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்து அதன் அடியில் வாயுவைத் தேக்குவது. கரைவது மெதுவாகத்தான். தண்ணீரிலிருந்து வேறு காற்றும் அதில் சேர்வதால், தினம் ஒருமுறை சாய்த்து வெளியேற்றணும். நாம் கடைசியில் செய்தது, தொட்டியின் சின்ன மோட்டார் தண்ணீர் இழுக்கும் வாயில் ட்யூபைச் சொருகியது. சக்கரம் குமிழியைப் பொடிப்பொடியாக வெட்டித் தொட்டி முழுக்கப் பரப்பியது. ஒரு பாட்டிலே போதுமானது. மோட்டாரின் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கணும். மேல்மட்டத்தில் தண்ணீர் சலசலவென்று கொட்டினால் கரைந்த வாயுவும் ஓடிவிடும். கோலி சோடாவைக் குலுக்கித் திறந்த கதைதான்.

சூட்டையும் சொல்லணும். ஐஸ் போன்ற தண்ணீர் பிடித்து வைக்கும் வாயுவில் பாதியைக்கூட 25 டிகிரி தண்ணீர் பிடிக்காது. நம்மூர் மே மாத வெயிலில் இன்னும் குறையும், ஈஸ்டும் சீக்கிரம் அடங்கிவிடும். தொட்டியை நிழலில் வையுங்கள்.

வாயு நன்றாகக் கரையத் தொடங்கியபோதுதான் பெரிய நஷ்டம் வந்தது. இருட்டில் செடி வாயுவை எடுக்காது, தானும் மூச்சாக விடும். ஈஸ்ட்டுக்கோ ராத்திரி பகல் கிடையாது. ஒரு விடியற்காலை மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றன. பதினோரு மீன் போய்விட்டது. அதிலிருந்து விளக்கை அணைக்கும்போது ட்யூபை வெளியே எடுத்துவிட்டு, ராத்திரி முழுக்கக் காற்று மோட்டார் ஓட விடுகிறோம். ட்யூபை மடக்கியோ கட்டியோ அடைக்காதீர்கள், பாட்டில் வெடிக்கும்.

அளவு பார்க்க 'டிராப் செக்கர்' என்ற சின்னக் குப்பி கிடைக்கிறது. உள்ளே இருக்கும் மருந்துத் தண்ணீர் நீலமானால் வாயு குறைவு, பச்சை சரி, மஞ்சள் ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். அதனால் மஞ்சளாகும்வரை காத்திராமல் மீனைப் பாருங்கள்.

இந்தப் பாடு எல்லாச் செடிக்கும் தேவையில்லை. வேலம்பாசி, வாலிஸ்னேரியா இரண்டும் உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டையே எடுத்துக்கொள்ளும். புதுக் குழுக்கள் அவற்றில் ஆரம்பிப்பதே நல்லது என்பது நம் அபிப்பிராயம். அடுத்த தொட்டியில் சிவப்பு ரொட்டாலா போடலாமா என்று எங்களுக்குள் பேச்சு நடக்கிறது. உள்கடனில் இன்னும் இரண்டு தவணை பாக்கி இருப்பதால் ஊக்குநர் அக்கா தலையாட்டவில்லை.