பூவின் பெயரும் முகத்தின் பெயரும்

நிழற்படக் கலையின் இன்பம் யாதென மாணவர் என்னை வினவுவதுண்டு. ஒளியை அறிதல், கண்டதன் பெயரை அறிதல் என அதனை இருவகையாகக் கூறுவேன்.

அரநாயக்கப் பகுதித் தோட்டங்களில் கமராவோடு நடப்பவர்க்குச் செவ்வரத்தையும் சாமந்தியும் எளிதிற் கிட்டும். தேயிலைப் பூவோ அரிது. கொழுந்து இடையறாது கொய்யப்படும் செடி பூப்பதற்கு இடமில்லை. கொய்வார் கை படாத ஓரங்களிலேதான் வெள்ளிதழும் மஞ்சள் மகரந்தமும் கொண்ட அச்சிறுபூ தோன்றும். தலைகவிழ்ந்து நிற்கும் அதன் முகத்தைக் காண நாம் முழந்தாளிட வேண்டும்.

குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 பூக்களைப் பெயர் கூறி அடுக்கினார். பெயரறிந்த பின் அப்பூ காட்டிலுள்ள எல்லாப் பூக்களுள் ஒன்றாக நில்லாது, நமக்கு அறிமுகமானதாகிவிடுகிறது. மனித முகத்திற்கு இது இன்னும் பொருந்தும்.

ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையார் 1863இல், தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் அளித்த கமராவால் இக்கலையைத் தொடங்கினார். தெனிசன், டார்வின் முதலியோரின் முகங்களை அழியாதவையாக்கினார். கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு 1875இல் வந்தார். களுத்துறையிலே, பூக்களை வரையும் மரியான் நோர்த் அம்மையாரை 1877இல் படமெடுத்தார். இந்நாட்டு மக்களையும், அவருள் தமிழ்த் தொழிலாளரையும் படமெடுத்தார். 1879இல் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் படங்களில் புலவர்க்கும் அறிஞர்க்கும் பெயருண்டு. நம்மவருட் பெரும்பாலோரின் பெயர் நம்மை வந்தடையவில்லை. முகம் நிலைத்தது, ஆள் மறைந்தார்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தமிழர்க்கு, நிழற்படம் நெடுங்காலம் பெரும்பாலும் விண்ணப்பத்தில் ஒட்டும் பொருளாகவே இருந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றோரின் கடவுச்சீட்டுப் படமும், பிற்காலத்து அடையாள அட்டைப் படமும் அலுவலகம் கேட்டவை. வீட்டார் ஆசைப்பட்டுக் கேட்டவை அல்ல.

ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளியான மூதாட்டி ஒருவரை லயத்து வாசலருகே அமர்த்தினேன். ஒருபுறத்தே விழும் மென்மையான ஒளி முகத்தின் சுருக்கங்களை நன்கு காட்டும். அவர் கேட்டார்: “சிரிக்கலாங்களா சார்? அட்டைக்கு எடுக்கிறப்போ சிரிக்கக் கூடாதுன்னாங்களே.”

“தாராளமாய்ச் சிரியுங்கள், அம்மா” என்றேன். அச்சிரிப்பு மலர்ந்த கணத்திலே நான் பெற்ற மகிழ்ச்சி, தேயிலைப் பூவுக்கு முழந்தாளிட்டபோது பெற்றதினும் பெரிது. பூ எனக்காக மலரவில்லை. அவர் என்னை நம்பி மலர்ந்தார். அவர் பெயரை இங்கே எழுதேன். படத்தின் பின்புறத்தில் எழுதி, ஒரு பிரதியை அவர் கையிலே கொடுத்தேன்.

2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்தபோது, மாந்தரோடும் வீடுகளோடும் சுவரிலிருந்த படங்களும் மண்ணுட் போயின. முகத்தைப் பாதுகாத்தல் எத்துணைப் பெரிய கடன் என்பதை இவ்வூர் அறியும்.

ஆசிரிய அன்பர்களே, இன்று மாணவர் பலரின் கைத்தொலைபேசியிலும் கமரா உண்டு. முதலில் பூவை எடுக்கச் சொல்லுங்கள். அது பொறுமையைக் கற்பிக்கும். பின்னர்ப் பாட்டியை, பாட்டனை எடுக்கச் சொல்லுங்கள்; கேட்டு, இசைவு பெற்று, சிரிக்க விட்டு எடுக்கட்டும். படத்தை அச்சிட்டுப் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வைக்கட்டும். கபிலர் பூக்களுக்குச் செய்ததை நாம் நம் மாந்தர்க்குச் செய்வோம்.