வந்தவர்களும் வாடகையும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் அண்மையில் ஒருவர் என்னிடம் முறையிட்டார்: "இலங்கையிலிருந்து வந்தவர்களால்தான் ஜனத்தொகை பெருகிற்று, வீட்டு வாடகையும் ஏறிற்று." மகளுக்கு வீடு தேடி அலைந்த அலுப்பு அவருக்கு. துன்பம் மெய்யே. காரணமும் மெய்தானா?

1983 முதல் இங்கு வந்த ஏதிலியருள், 2021இல் முகாம்களில் இருந்தோர் ஏறத்தாழ 58,000 பேர். வெளியே பதிந்து வாழ்ந்தோர் 34,000 பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழக மக்களோ 7 கோடியே 21 இலட்சம். ஆயிரவருக்கு ஏறத்தாழ ஒருவர்! இதனாலா ஜனத்தொகை பெருகும்?

வெளியே வாழ்வோர் வாடகை வீடு தேடுவது உண்மை, மறுக்கவில்லை. ஆயினும் சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நாடிவரும் மாணவரும் அலுவலரும் அவர்களினும் மிகப் பலர். அன்றியும், கூட்டுக் குடும்பம் பிரிந்தால் மக்கள் பெருகாமலே ஒரு வீடு இரண்டாக வேண்டியிருக்கிறது. அவர் மகளும் தனிக்குடித்தனத்துக்கே வீடு தேடினாள் என்பதை மெல்லச் சுட்டினேன், சிரித்துவிட்டார்.

முகாமில் இருப்போரோ நம் வாடகை வீட்டுக்குப் போட்டியிடுவோர் அல்லர். எங்கள் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியிலும் அத்தகைய முகாம் உண்டு. தற்காலிகமாக எழுப்பிய குடியிருப்புகள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 10 அடிக்கு 10 அடி அறை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்தனர், அறை வளரவில்லை. 2021இல்தான் தமிழக அரசு 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக அறிவித்தது.